ஞாயிற்றுக்கிழமைக் கைகள்

போன மாதம் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு ஒரு புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், கெட்டி அட்டை, கையில் எடுத்தால் ஒரு நடுத்தரக் கோழியின் கனம். அங்கே நடந்த குறிப்பிடத்தக்க ஆய்வுகளையெல்லாம் துறைவாரியாகத் தொகுத்துப் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஓர் அழைப்பிதழ், கண்காட்சிக்கு வாருங்கள் என்று. அதற்குக் கீழே பேனாவால், உங்கள் உதவியை மறக்கவில்லை என்று எழுதியிருந்தது. மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நெல்லுக்கு வரும் நோயைப் பற்றி ஒரு பக்கம். தஞ்சோங் காராங் பக்கத்து வயல்களின் படம். இதய வால்வு பற்றி ஒரு பக்கம். கொசு பற்றி, ஆற்றோரத்து மின்மினிகள் பற்றி, பழைய மலாய்க் கையெழுத்துப் பிரதிகள் பற்றி, செம்பனைக் கழிவிலிருந்து பலகை செய்வது பற்றி. இவையெல்லாம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பொய்யாக இருந்தால் அடுப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நெல்லுக்கு நல்லது செய்தவர்கள் செய்துதான் இருக்கிறார்கள். மின்மினிக்குக்கூட ஏதோ நல்லது நடந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வயிறு எரிந்தது.

நடுவில் ஒரு முழுப் பக்கத்துக்கு இரண்டு கைகளின் படம். உள்ளங்கைகள் மேலே பார்க்க, மேசைமேல் விரித்து வைத்த கைகள். முகம் இல்லை. மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். ஆனால் வலது கட்டைவிரல் ஒரு பக்கமாகச் சரிந்து, நகம் பாதியில் முடிந்திருந்ததன் ஓரம் தெரிந்தது. அது என் அண்ணியின் கை. அந்தக் கை தட்டில் போட்ட சோற்றைத்தான் பதினோரு வருடமாகத் தின்கிறேன். எனக்குத் தெரியாதா?

நாங்கள் ஈஜோக் பக்கம் இருக்கிறோம். தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தை இடித்தபோது கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அண்ணன் செம்பனைக் குலைகளை மில்லுக்கு ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறார். அண்ணி தோட்டத்தில் மருந்து அடிக்கிறாள். மருந்து என்றால் எங்கள் ஊரில் காய்ச்சலுக்குக் குடிப்பது இல்லை, களைக்கொல்லி. முதுகில் பம்பு, கையில் குழாய், காலில் பூட்ஸ், காலையிலிருந்து பகல் வரை செம்பனை வரிசைகளுக்கு நடுவே நடை. அவளைப் போல இன்னும் ஒன்பது பெண்கள். நான் அப்போது அதே தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கும் கடிதமும் எழுதுகிறவள். கதவைத் தட்டிக்கொண்டு வரும் ஆய்வாளர்களுக்கெல்லாம் மேனேஜர் என்னைத்தான் கைகாட்டுவார்.

வராத துறை கிடையாது. மண்ணைத் தோண்டிப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் வந்தார்கள். சத்துணவுக்காரர்கள் வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்த்தார்கள். எந்திரவியல்காரர்கள் ஒரு பறக்கும் கருவியைக் கொண்டு வந்தார்கள். அது தானே பறந்து மருந்து தெளிக்கும், இனி யாரும் பம்பு தூக்க வேண்டாம் என்றார்கள். பத்துப் பெண்களும் வெயிலில் நின்று கைதட்டினார்கள். அது இரண்டு வரிசைக்கு மேலே பறந்து, படம் எடுத்துக்கொண்டு, பெட்டிக்குள் போனது. புத்தகத்தில் அதற்கு இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்தில் அதை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

மொழித்துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். தோட்டத் தமிழில் செடிகொடிகளுக்கு என்ன பெயர் என்று பதிவு செய்ய வேண்டுமாம். நான் அண்ணியிடம் அனுப்பினேன். நாள் முழுக்க புல் பூண்டைக் கொல்லுகிறவளுக்குத்தானே அதன் பெயரெல்லாம் தெரியும். அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். லாலான், கோரை, தொட்டாச்சிணுங்கி. எத்தனை தடவை அடித்தாலும் மறு மாதமே முளைத்து வரும் ஒரு புல்லைக் காட்டி, "இது மாமியாப் புல்லுங்க" என்றாள். அவளுடைய மாமியார் என் அம்மா. அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மொழித்துறை அம்மாள் அதையும் பக்தியோடு எழுதிக்கொண்டாள். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது, அழிந்துவரும் சொற்கள் என்ற தலைப்பின் கீழே. ஆக அண்ணியின் நாக்கு ஒரு துறைக்கு, கை இன்னொரு துறைக்கு. புத்தகத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறாள், ஆள் மட்டும் எங்கேயும் இல்லை.

வருகிறவர்கள் போகும்போது ஆளுக்கொரு கோப்பை கொடுப்பார்கள், பல்கலைக்கழகத்தின் சின்னம் போட்ட பீங்கான் கோப்பை. எங்கள் வீட்டில் ஏழு இருந்தன. ஒன்றில் அண்ணி உப்பு போட்டு வைத்திருந்தாள். இன்னொன்றில் பல்துலக்கும் பிரஷ்.

இனி கைக்கு வருகிறேன்.

அண்ணிக்கு நகம் முதலில் வெள்ளையாக மாறியது. பிறகு மஞ்சள், பிறகு கருப்பு. வலது கட்டைவிரல் நகம் வெங்காயத் தோல் மாதிரி பிரிந்து பாதி விழுந்தது. மூக்கிலிருந்து இரத்தம் வரும். முதலில் வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அடிக்கடி. மருந்து அடிக்கும் இடத்தில் துணியை மூக்கில் அடைத்துக்கொண்டு மறுபடி பம்பைத் தூக்குவாள். தோட்டம் கையுறை கொடுக்காமல் இல்லை. கொடுத்தது. விரல் நுனி கிழிந்தால் அடுத்தது வர மாதம் ஆகும். கிழிந்த கையுறைக்குள் மருந்து போய்த் தேங்கினால் வெறும் கையைவிட மோசம் என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மருந்து அடிப்பதிலிருந்து மாற்றி உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு விட வேண்டும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப் போகும் வேலைதான், ஆனால் விஷம் இல்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் கேட்டாள். மண்டோர் மேனேஜரைக் காட்டினார். மேனேஜரிடம் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். "ஒருத்தரை மாத்தினா பத்துப் பேரும் கேப்பாங்க. மருந்தாலதான் இப்படின்னு ஏதாவது அத்தாட்சி இருக்கா? கொண்டு வாங்க, பாக்கலாம்" என்றார். அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் நகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அத்தாட்சி எங்கே விற்கிறது என்று அண்ணி என்னைக் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பேராசிரியர் வந்தார். நம்ம ஆள்தான், தமிழர். வந்ததும் வராததுமாக, "நானும் தோட்டத்துப் புள்ளதாங்க. எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு" என்றார். அதைச் சொல்கிறவர்கள் எல்லோரையும் இப்போது எனக்குப் பிடிக்காது. அன்றைக்குப் பிடித்தது. மருந்து அடிக்கிறவர்கள் கையில் எவ்வளவு விஷம் ஒட்டியிருக்கிறது என்று அளக்கப் போவதாகச் சொன்னார். ஈரப் பஞ்சால் உள்ளங்கையையும் விரல் இடுக்கையும் துடைத்து எடுப்பார்கள், பஞ்சைக் குப்பியில் போட்டு ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள், அவ்வளவுதான், வலிக்காது. கூடவே சில கேள்விகள் கேட்பார்கள். முடிவைத் தோட்டத்துக்கும் எழுதி அனுப்புவார்கள்.

அண்ணியிடம் சொன்னபோது அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கடைசியில் அத்தாட்சி வீடு தேடி வருகிறது. அன்றைக்கு மற்ற பெண்களிடமும் போய், "யாரும் வராம இருந்துறாதீங்க, பத்துப் பேரும் வரணும்" என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள்.

எந்த நாள் என்பதில்தான் வந்தது வினை. வேலை முடிந்து கை கழுவுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று அவருடைய படிவத்திலேயே ஒரு வரி இருந்தது. நான்தான் அந்தப் படிவத்தைத் தமிழாக்கினேன். அந்த வரியையும் என் கையால்தான் எழுதினேன். ஆனால் வேலை நேரத்தில் ஆட்களை விட முடியாது என்று மேனேஜர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். பேராசிரியருக்கும் மாணவர்கள் ஓய்வாகக் கிடைப்பது வார இறுதியில்தான். "ஞாயித்துக்கெழம எப்படி?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "ஞாயிறுதான் சார் வசதி. பூசை முடிஞ்சு எல்லாரும் மாதா கோயில் ஹால்லயே இருப்பாங்க. இந்துக்காரங்களையும் அங்கயே வரச் சொல்லிடலாம்" என்றேன். அவர் ஒரு கணம் பேனாவைக் கடித்தார். பிறகு சரி என்று எழுதிக்கொண்டார். படிவத்து வரி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுபடியும் மேனேஜரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும், இரண்டு பேருக்குமே அதற்குத் தெம்பு இல்லை.

அதோடு விட்டேனா? இல்லை. சனிக்கிழமை மாலை வீடு வீடாகப் போனேன். "நாளைக்கு யுனிவர்சிட்டிலேர்ந்து ஆளுங்க வராங்க. கையெல்லாம் புடிச்சுப் பாப்பாங்க. கருப்பு கருப்பா நகத்த வச்சுக்கிட்டு வந்து மானத்த வாங்காதீங்க லா" என்றேன். எலுமிச்சம்பழத்தையும் உப்பையும் போட்டுத் தேயுங்கள் என்றேன். நகத்தை வெட்டிக்கொண்டு வரச் சொன்னேன். வெளியூர்க்காரன் ஒருவன் நம் கையைத் தொடும்போது அது சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் நகத்தைப் பார்த்து ஓர் ஆசிரியை முகம் சுளித்ததை நான் இன்னும் மறக்கவில்லை என்பது ஒரு காரணம். காரணம் இருந்தால் மட்டும் செய்த முட்டாள்தனம் குறைந்துவிடாது.

மறுநாள் பத்துப் பெண்களும் வந்தார்கள். பட்டுச் சேலையில் சிலர், பஞ்சாபி உடையில் சிலர். தலைக்குக் குளித்து, பூ வைத்து, முகத்துக்கும் கழுத்துக்கும் பவுடர் போட்டு, ஒருத்தி உள்ளங்கையிலும் பவுடர் போட்டிருந்தாள். அண்ணி எலுமிச்சம்பழத்தால் தேய்த்த தேய்ப்பில் விரல் இடுக்கு சிவந்து போயிருந்தது. வெள்ளிக்கிழமை பகலுக்குப் பிறகு யாரும் மருந்தைத் தொடவில்லை. சனிக்கிழமை மழை, வேலை இல்லை. மாணவர்கள் பஞ்சால் துடைத்தார்கள். துடைத்த பஞ்சு வெள்ளையாகவே குப்பிக்குள் போனது. ஒரு மாணவி, "ஆன்ட்டி, உங்க ஹேண்ட்ஸ் ரொம்ப கிளீனா இருக்கு" என்று சொன்னாள். அண்ணிக்கு வாயெல்லாம் பல்.

கேள்விகளை நான் கேட்டேன். தோல் அரிப்பு உண்டா, மூக்கில் இரத்தம் வருமா, கண் எரியுமா. பேராசிரியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த விருந்தாளியின் முன்னால், அதுவும் கோயில் ஹாலில், எவள் தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லுவாள்? "நல்லா இருக்கோங்க சார். ஆண்டவர் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல" என்றார்கள். இப்போது நான் சுங்கை சோவில் ஒரு கிளினிக்கில் பதிவு எழுதும் வேலையில் இருக்கிறேன். நடக்க முடியாமல் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வரும் நம்மவர்கள், என்ன செய்கிறது என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, சும்மாதான் வந்தோம்" என்பார்கள். அன்றைக்கும் அதேதான். எட்டு பேர் ஒன்றும் இல்லை என்றார்கள். மூக்கில் இரத்தம் வரும் என்று சொன்னவள் அண்ணி மட்டும். அதையும் மெதுவாகச் சொன்னாள். பத்தாவது ஆள் அவளைப் பார்த்துவிட்டு, "எனக்கும் எப்பவாச்சும்" என்றாள். நான் இரண்டையும் குறித்தேன். பேராசிரியர் எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார். மாணவர்கள் கோப்பைகளைக் கொடுத்தார்கள். அண்ணியின் கையைப் படம் எடுத்தவரும் பேராசிரியர்தான்.

மூன்று மாதம் கழித்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. உறையைப் பிரித்தவள் நான். கைகளில் ஒட்டியிருந்த மருந்து கவலைப்படும் அளவில் இல்லை, தொழிலாளர்கள் பொதுவாக நலமாக இருக்கிறார்கள், தனிநபர் சுகாதாரப் பழக்கங்கள் பாராட்டத்தக்கவை என்று மூன்று பக்கத்துக்கு இருந்தது. நான் அதைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை. கிராணி புத்தி, முத்திரை குத்தி மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு அண்ணியை வரச் சொன்னார். குரலை உயர்த்தக்கூட இல்லை. "யுனிவர்சிட்டியே சொல்லுது பாருங்கம்மா. இனிமே நான் என்ன பண்ண முடியும்?" என்றார். அந்தத் தாளை நகலெடுத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொன்னார். ஒட்டினவளும் நான்தான்.

அண்ணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன், சண்டை போட்டு முடித்திருப்பேன். அவள் வாய்க்குப் பயந்து மண்டோரே பாதை மாறிப் போவார். ஆனால் இந்த விஷயத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் எழுந்து பம்பைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டில் இருந்த ஏழு கோப்பைகளையும் உப்போடு, பிரஷ்ஷோடு, வெளியே குப்பையில் வைத்தாள். எட்டாவது, ஞாயிற்றுக்கிழமை கொடுத்தது, அதையும். நான் அடுத்த வருடமே ஆபீஸ் வேலையை விட்டேன். நான் விட்டேன், அவளால் விட முடியவில்லை, அந்த வித்தியாசத்தை அவளும் சொல்லிக்காட்டவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அந்தப் புத்தகம் வந்தது. கையின் படத்துக்கு எதிர்ப் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன். பஞ்சு எந்த ஊரில் வாங்கியது என்பது இருக்கிறது. குப்பியை எத்தனை குளிரில் வைத்தார்கள் என்பது இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்ற சொல் எங்கேயும் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஒரு சொல்லை வேண்டுமென்றேதான் விட்டிருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அண்ணி அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டினேன். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"என் கை."

"ஆமா அண்ணி."

"அந்த சார் அங்க இருப்பாரா, இந்தக் கண்காட்சில?"

"இருப்பாரு. அவருக்குன்னே ஒரு இடம் ஒதுக்கியிருக்காங்க."

"என்னைக்கு?"

"வர்ற சனிக்கெழம."

"சனிக்கெழம எனக்கு அரை நாளு. பன்னெண்டு மணிக்கு மூணாம் நம்பர் ரோட்டு முக்குல காரக் கொண்டாந்து நிறுத்து" என்றாள். பிறகு மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "குளிக்க மாட்டேன். கை கழுவ மாட்டேன். அப்படியேதான் வருவேன்" என்றாள்.

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடமாக அந்த ஆளின் முகத்தில் எதையாவது வீச வேண்டும் என்று எனக்கு இருந்த வெறி தீரப் போகிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சொன்ன இடத்தில் காத்திருந்தேன். கார் புதுசு, ஆறு மாதம்கூட ஆகவில்லை. அண்ணி பூட்ஸும் நீளக் கைச் சட்டையுமாக வரிசைக்கு நடுவிலிருந்து வெளியே வந்தாள். சட்டை முன்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மருந்து வாசம் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. முன் சீட்டில் நான் தமிழ்ப் பேப்பரை விரித்து வைத்திருந்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

"வெயில்ல சீட்டு சுடும் அண்ணி, அதான்" என்றேன்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள், எதன் மேலும் படாமல். நெடுஞ்சாலையில் ஏறும் வரை நான் கண்ணாடியை இறக்கி வைத்திருந்தேன். வழியில் தண்ணீர் கேட்டாள். வண்டியை ஓரம் கட்டி, பாட்டிலைத் திறந்து, நான்தான் அவள் வாயில் ஊற்றினேன்.

பல்கலைக்கழக மண்டபத்தில் குளிர்சாதனம் நடுக்கியது. துறைக்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஒரு பேராசிரியர். நெல்லுக்காரர் நெற்கதிரை வைத்துக்கொண்டு நின்றார். பறக்கும் கருவி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பூட்ஸ் காலோடு நடந்த அண்ணியைப் பார்த்து ஆட்கள் வழி விட்டார்கள். மரியாதையால் இல்லை, வாசத்தால். வாசலில் காவலர் ஒருவர் தடுக்க வந்தார். அழைப்பிதழை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

எங்கள் பேராசிரியரின் தடுப்பில் அண்ணியின் கைகள் ஆளுயரத்துக்குத் தொங்கின. அதற்குக் கீழே ஒரு மேசை, மேசைமேல் பஞ்சு, குப்பி, ஒரு பெட்டி நிறைய நீலக் கையுறை. சோதனை எப்படி நடக்கும் என்று அவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஒரு மாணவியின் கையை இடது கையில் ஏந்தி, வலது கையால் பஞ்சை எடுத்து, மெதுவாகத் துடைத்தார். வெறும் கைதான். கையுறைப் பெட்டியை அவர் தொடவே இல்லை. அடுத்து ஒரு பையன் கையை நீட்டினான். அதற்கும் அப்படித்தான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள்.

அண்ணி போய் மேசையின் முன்னால் நின்றாள். அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"அடடே, வாங்கம்மா! நீங்களா? பாருங்க, உங்க கைதான் இங்க ஸ்டாரு" என்று மேலே காட்டினார்.

"அது ஞாயித்துக்கெழம கை சார்" என்றாள் அண்ணி. "இது சனிக்கெழம கை. இப்பத்தான் மருந்து அடிச்சிட்டு வர்றேன், இன்னும் கழுவல. தொடச்சுப் பாருங்க."

இரண்டு கைகளையும் மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். படத்தில் இருந்தது மாதிரியே. விரல் இடுக்கில் நீலமாக ஏதோ காய்ந்திருந்தது. வலது கட்டைவிரலில் இப்போது நகமே இல்லை. பக்கத்துத் தடுப்புக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அவர் சிரித்தார். "இது சும்மா டெமோதாம்மா. லேப்புக்கு அனுப்பினாத்தான் ரிசல்ட் வரும்" என்றார்.

"அனுப்புங்க. நாங்க காத்துக் கெடந்து பழக்கப்பட்டவங்கதான்."

அவருக்குப் பஞ்சை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எடுத்தார். இடது கையை அவள் கைக்குக் கீழே கொண்டுபோனார். தொடுவதற்கு ஒரு விரல்கடை இருக்கும்போது அந்தக் கை நின்றது. பஞ்சைக் கீழே வைத்தார். நீலப் பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவினார். போட்டார். இன்னொன்றையும் உருவிப் போட்டார்.

அண்ணி தன் கைகளை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் சார், தொடைக்க வேணாம். இப்ப கிளவுஸ் போட்டீங்கல்ல, அத எழுதுங்க. எழுதி எங்க மேனேஜருக்கு அனுப்புங்க."

அவர் முகம் கறுத்துப் போனது. இரண்டு நீலக் கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். முறைப்படி கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அது விதி, என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அப்ப அந்தப் புள்ளைங்களுக்கு ஏன் சார் போடல?" என்று நான் கேட்டேன். மண்டபமே கேட்கட்டும் என்றுதான் கேட்டேன். தொடர் ஆய்வு ஒன்று செய்யலாம், மானியம் கிடைத்தால் அடுத்த வருடம், என்றார். அண்ணி அதற்குள் பாதி தூரம் போயிருந்தாள்.

கார் நிறுத்துமிடம் வரை நான் பேசிக்கொண்டே வந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அவன் மூஞ்சியப் பாத்தீங்களா அண்ணி? தொடுறதுக்கே பயந்துட்டான்! தோட்டத்துப் புள்ளையாம், தோட்டத்துப் புள்ள! நம்ம கை பட்டா செத்துருவானா? படிச்ச திமிரு. உள்ளுக்குள்ள எல்லாம் தெரியும் அவனுக்கு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கான்" என்று கத்தினேன். அண்ணி காரைப் பார்த்து நடந்துகொண்டே இருந்தாள். "வெரசா போனா நல்லது. திங்கக்கெழமைக்கு இந்தச் சட்டையத் தொவச்சுப் போடணும்" என்றாள்.

அப்போதுதான், இன்றைக்கு நாங்கள் செய்ததால் திங்கட்கிழமை எதுவும் மாறாது என்பது எனக்கு உறைத்தது. அவளுக்கு அது காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

கார்க் கதவை அவளுக்காகத் திறந்து பிடித்தேன். சீட்டில் விரித்திருந்த பேப்பர் அவள் இறங்கும்போது சறுக்கிக் கீழே விழுந்து கசங்கிக் கிடந்தது. வெயில் தாழ்ந்துவிட்டது, கார் நிழலில்தான் நின்றது, சீட்டு சுடவில்லை. நான் பேப்பரை எடுத்துத் தூர எறிவதற்குக் குனிந்தேன். அண்ணி எனக்கு முந்திக்கொண்டாள். விரல் நுனியால் அதை எடுத்தாள். மடிப்பை உதறி நீவி, சீட்டு ஓரம் வரை சரியாக இழுத்து விரித்தாள்.

"இருக்கட்டும் லா. புது வண்டி" என்று சொல்லிவிட்டு அதன் மேல் உட்கார்ந்து, கைகளை மல்லாத்தி மடியில் வைத்துக்கொண்டாள்.